பட்டியலில் இல்லாத திட்டு

ஸ்டான்லி
4 செப்டம்பர் 1876

அன்புள்ள அக்கா,

உன் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பாய். அது இங்கே என் இடது கடைவாய்ப் பல் வரைக்கும் வந்து சேர்ந்தது. கன்னம் வீங்கி, பத்து நாள் வெறும் கஞ்சி. கடைசியில் கொல்லுப்பட்டறைக்காரன்தான் பிடுங்கினான். இப்போது வலி இல்லை, பல்லும் இல்லை.

இந்த ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் வருவதாகச் சொன்னேன், வரவில்லை. கோபப்படாதே. கப்பலில் கால் வைத்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அதோடு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. புதிய கவர்னர் வந்திருக்கிறார். கஜானாவைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். தபால் கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, படகுத்துறையின் பலகைகள் உளுத்துப்போய் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன. மூன்றாம் நாள் எங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்.

"இந்தக் காலனில ஆடு மேயாத இடமே இல்லைங்கிறீங்க. அப்ப குத்தகைப் பணம் எங்கய்யா? அதையும் ஆடு மேஞ்சிருச்சா?"

செயலர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைக் கை காட்டினார். ஆகையால் பழைய குத்தகைப் பத்திரங்கள் அனைத்தையும் வரைபடங்களோடு ஒப்பிட்டு, விட்டுப்போன வாடகையைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. துணைக்கு டிம்மன்ஸ். உனக்கு அவரை நினைவிருக்கும். இடது கையில் மூன்று விரல் மட்டும் உள்ள பழைய சிப்பாய், இருபத்தாறு வருடமாக ஆவண அறையைப் பார்த்துக்கொள்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த ஒரு வேளைதான் வாரத்தில் நான் எதிரே ஆள் இருக்கச் சாப்பிடுவது.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் சமயம் வர முயல்கிறேன். நம் நாய் பெக்கின் காதைத் தடவிக்கொடு.

உன் அன்புத் தம்பி
ஈவன்

•

தலையணைத் திட்டு
9 அக்டோபர் 1876

அன்புள்ள ஈவன்,

பல் போனதற்கு வருத்தப்படாதே, நாக்கு இருக்கிறதல்லவா. அதை வைத்து "வருகிறேன், வருகிறேன்" என்று இன்னும் ஆறு வருடம் சொல்லலாம்.

குட்டி போடும் காலம். நேற்று மட்டும் நாற்பது. காற்று அடித்ததில் ஏழு செத்துப்போயின. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் அத்தான் டங்கன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. பகலில் ஒன்றும் தெரிவதில்லை, வேலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சாப்பிட உட்காரும்போதுதான் கஷ்டம். போன மாதம் தொடர்ந்து ஒன்பது நாள் மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சே மறந்துவிடுமோ என்று பயம் வந்து, வாசலில் நின்று உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெக் எழுந்து, யார் வருகிறார்கள் என்று மணல்பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்வதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு, கடல் வற்றும் நேரம் பார்த்து வில்மட்டின் பெரிய பண்ணைக்கு நடந்து போகிறேன். இந்தக் கரையின் தபால் பை அங்கேதான் இறங்கும். சொந்தக் கடிதங்களை யாரும் தொடமாட்டார்கள், அந்த மட்டில் நல்லவர்கள். சர்க்கார் நோட்டீஸ் மட்டும் வேறு கதை. அரக்கு முத்திரையோடு வீட்டுக்கொன்று பெயர் போட்டு வரும். உள்ளே எல்லாம் ஒரே விஷயம். மேய்ப்பர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் மேனேஜர் வில்மட் கையில் அகப்படும் முதல் ஒன்றை உடைத்து, சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று எல்லாருக்குமாக வாசித்துவிடுவார். போன மாதம் சொறி பிடித்த ஆடுகளைப் பற்றி வந்தது. வாசித்து முடித்ததும் கிழவன் மக்ரே எழுந்து, "ஆட்டுக்கு இல்லீங்க, எனக்குத்தான் சொறி. கவர்னர் வந்து மருந்து தடவுவாரா, கேட்டு எழுதுங்க" என்றான். நான் சிரித்த சிரிப்பில் டீ புரைக்கேறிவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் ஒரு மாதத்துக்குத் தாங்க வேண்டும்.

பென்குயின் முட்டை ஒரு வாளி அனுப்பியிருக்கிறேன், டிம்மன்ஸ் வீட்டில் கொடு. ரோமம் கத்தரிக்க வா. கத்தரிக்கவே வேண்டாம், சும்மா வந்து உட்கார்.

அக்கா
மோராக்

•

ஸ்டான்லி
20 நவம்பர் 1876

அன்புள்ள அக்கா,

முட்டை வந்தது. டிம்மன்ஸின் மனைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மூன்று வாரமாகப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உன் திட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை. முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். உன் மணல்பாதை போய்ச் சேரும் மேற்குத் தீவின் நிலத்துண்டுகள் ஒரு பட்டியல், சுற்றியுள்ள சிறு தீவுகள் இன்னொரு பட்டியல். இரண்டிலும் இல்லை. பிறகு வரைபடங்களை எடுத்தேன். ஹோர் என்று ஒரு சர்வேயர் இருந்தாரே, குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர், அவர் வரைந்த இரண்டு தாள். ஒன்றை வரையும்போது கடல் வற்றியிருக்கிறது. மணல்பாதை தெரிந்து, திட்டு நிலத்தோடு ஒட்டியிருக்கிறது. மற்றதை வரையும்போது கடல் ஏறியிருக்கிறது, சுற்றிலும் தண்ணீர். தீவுப் பட்டியல் எழுதியவர் முதல் தாளைப் பார்த்து, இது நிலம் என்று விட்டுவிட்டார். நிலப் பட்டியல் எழுதியவர் இரண்டாம் தாளைப் பார்த்து, இது தீவு என்று விட்டுவிட்டார். சர்க்கார் அறிந்த வரையில் நீ பதினொரு வருடமாக நடுக்கடலில் ஆடு மேய்க்கிறாய்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஒரு நிமிடம். குத்தகைக்குப் போகாத நிலம் கண்டுபிடிக்கப்பட்டால் விதி என்ன என்று உனக்குத் தெரியாது. ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒட்டிய நிமிடத்திலிருந்து யார் முதலில் விண்ணப்பம் கொடுக்கிறாரோ அவருக்கே நிலம். அதில் யார் குடியிருக்கிறார், யார் வீடு கட்டினார் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. உன் துறையும், குளிர்காலத்தில் ஆடு ஒதுங்கும் உயரப் புல்லும் கிடைக்குமென்றால் பெரிய பண்ணைக்காரர்கள் மறுநாளே வந்து நிற்பார்கள்.

இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. டிம்மன்ஸுக்கும் தெரியாது. என்ன செய்யட்டும்?

ஈவன்

•

தலையணைத் திட்டு
18 டிசம்பர் 1876

ஈவன்,

என்ன செய்யட்டுமா? வாயை மூடிக்கொண்டு இரு. அதுதான் செய்ய வேண்டியது.

நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் வருடமே டங்கன் வாடகையை எடுத்துக்கொண்டு உங்கள் ஆபீஸுக்கு வந்தார். அங்கே ஒருவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்து, "அப்படி ஒரு இடமே இல்லையே, பட்டியலைத் திருத்தின பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டான். அடுத்த வருடமும் போனார், அதே பதில். மூன்றாம் வருடம் கரையிறங்கும்போதே கையை விரித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "மோராக், நாம இல்லையாம்டி. நீ என்னைத் தொட்டுப் பாரு, இருக்கேனான்னு" என்றார். அதன் பிறகு போகவில்லை. இப்போது அவர் உண்மையிலேயே இல்லை. நான் இருக்கிறேன்.

இந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் உடைந்த கப்பலிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முதுகில் சுமந்து வந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் நான் எங்கே போவேன்? ஸ்டான்லியில் மறுபடியும் ஊர்த்துணி துவைக்கவா? உன்னைப் பாதிரியாரிடம் எழுத்துக்கு அனுப்ப எட்டு வருடம் துவைத்தேன், அது போதும். அந்த எழுத்தை வைத்துத்தான் இப்போது என் தலையில் கல்லைப் போடுகிறாய்.

கோபத்தில் எழுதிவிட்டேன். இந்தத் தாளைக் கிழித்து வேறு எழுதலாம் என்றால் தாள் இல்லை. நான் செத்த பிறகு சொல், ஈவன். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மோராக்

•

ஸ்டான்லி
22 ஜனவரி 1877

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் விஷயம் என் கையை மீறிப் போகிறது.

கவர்னருக்குப் பழி போட ஒரு தலை வேண்டும். பட்டியல்கள் டிம்மன்ஸின் பொறுப்பில் இருந்தவை. "மேற்குக் கரையில் நிலம் விட்டுப்போயிருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை, இந்தக் கிழவன் பத்திரங்களைத் தொலைத்திருக்கிறான், அல்லது யாரிடமோ வாங்கிக்கொண்டு மறைத்திருக்கிறான்" என்று செயலர் எழுதி வைத்துவிட்டார். ஈஸ்டருக்குப் பிறகு டிம்மன்ஸை வெளியே அனுப்பப் போகிறார்கள். பென்ஷன் கிடையாது, வீடும் சர்க்கார் வீடு.

போன ஞாயிறு அவர் வீட்டில் எப்போதும் போல ஆட்டுக்கறி. பிறகு அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு தாள்கூட நான் தொலைச்சதில்ல ஈவன். எலி கடிச்ச தாளைக்கூட ஒட்டி வெச்சிருக்கேன். நீயும் பாத்தியே, எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" நான், "ஆமா, சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அந்த அம்மாள் என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். அதை அப்படியே விட்டு எழுந்து வந்துவிட்டேன், அக்கா.

இரண்டு தாள்களையும் எடுத்துக் காட்டினால் தவறு செத்துப்போன ஹோருடையது என்று ஆகிவிடும், கிழவர் தப்பிப்பார். காட்டினால் உன் வீடு. நீ வேண்டாம் என்றால் காட்டமாட்டேன். முடிவு உன்னுடையது என்று எழுதுவது எவ்வளவு கோழைத்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஈவன்

•

தலையணைத் திட்டு
19 பிப்ரவரி 1877

அன்புள்ள ஈவன்,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் உன்னைத் திட்டினேன். இரண்டாம் நாள் கவர்னரை. மூன்றாம் நாள் அந்த டிம்மன்ஸையும் திட்டினேன், ஏன் பிறந்தாய் என்று. பிறகு திட்ட ஆள் இல்லை.

சொல்லிவிடு.

அந்தக் கிழவன் தெருவில் நிற்க, நான் இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ரொட்டி இறங்காது. நீ சரியாகத்தான் செய்கிறாய். உன்னை நான் சரியாகத்தான் வளர்த்திருக்கிறேன், அது என் கஷ்ட காலம்.

ஆனால் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்ணப்பம் முதலில் கொடுப்பவருக்குத்தான் நிலம் என்றால், முதலில் கொடுப்பது நானாக இருக்கட்டும். பதினொரு வருட வாடகையையும் தவணையில் கட்டுகிறேன். நோட்டீஸ் ஒட்டும் நாள் உனக்கு முன்கூட்டியே தெரியும் அல்லவா? அதற்கு முன்னால் நீயே விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு வா. என் எதிரில் நிரப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன், நீயே கொண்டு போய் வை. வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை, வாளி வைக்கிறேன். இது ஒன்றுக்கு மட்டும் நீ வர வேண்டும். வேறு எதற்கும் இனி உன்னைக் கூப்பிடவே மாட்டேன்.

உனக்காகப் பின்கட்டு அறையில் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அது போட்டு நான்கு வருடம் ஆகிறது, மாதம் ஒரு தடவை காய வைக்கிறேன்.

அக்கா
மோராக்

•

ஸ்டான்லி
12 மார்ச் 1877

அன்புள்ள அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன், கப்பல் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது. நீ சொன்னபடியே திட்டைப் பற்றி வாய் திறந்துவிட்டேன். இரண்டு தாள்களையும் கவர்னரே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டிம்மன்ஸ் தப்பித்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஏப்ரல் 30, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்போகிறோம். அதுவரை இது ஆபீஸில் எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். விண்ணப்பத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் புள்ளி வைத்த இடங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, இதே கப்பல் திரும்பும்போது அனுப்பிவிடு. காற்று சரியில்லாமல் நான்கு நாள் பிந்தினாலும் பயமில்லை. வேறு யாருக்கும் தெரியாதபோது வேறு யார் வந்து கேட்கப் போகிறார்கள்? குறிப்பாக வில்மட் காதில் விழக் கூடாது.

இந்தத் தடவை நான் வர முடியவில்லை. புதிய குத்தகைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியிருக்கிறது, அதோடு கவர்னர் மாளிகையில் ஒரு விருந்துக்கு முதல் முறையாக என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கவலைப்படாதே, யாரும் பிரிக்கத் துணியாதபடி கடிதத்தின் மேல் ஆபீஸ் அரக்கு முத்திரையையே வைத்து அனுப்புகிறேன்.

எல்லாம் நல்லபடியாக முடியும். குளிர்காலத்தில் வருகிறேன், கட்டாயம்.

ஈவன்

•

தலையணைத் திட்டு
16 ஏப்ரல் 1877

அன்புள்ள ஈவன்,

நேற்று ஞாயிறு. கப்பல் சனிக்கிழமை வந்ததாக மக்ரே சொல்லியிருந்தான். உன்னைப் பார்க்கலாம் என்று தலையை வாரிக்கொண்டு, டங்கன் வாங்கித் தந்த சால்வையைப் போட்டுக்கொண்டு பெரிய பண்ணைக்குப் போனேன். நீ இல்லை. தபால் பையில் கடிதமாவது இருக்கும் என்று உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்தது. வில்மட் எழுந்து தொண்டையைச் செருமினார். கையில் அரக்கு முத்திரை வைத்த உறை. இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது, என் பெயருக்கு. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "மிச்சதெல்லாம் அடுத்த கப்பல்ல வரும்போல. ஒண்ணு போதும்ல?" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை உடைத்து, உரக்கப் படித்தார்.

"அன்புள்ள அக்கா..."

மேசை முழுக்கச் சிரிப்பு. "அடேய், கவர்னர் நம்மள அக்காங்கிறார்டா!" என்று மக்ரே மேசையைத் தட்டினான். வில்மட்டும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வரியும் வாயில் வந்துவிட்டது, திட்டைப் பற்றி நீ வாய் திறந்தாய் என்று. அங்கே நிறுத்தினார். வாய்தான் நின்றது, கண் நிற்கவில்லை. பக்கத்தின் அடிவரை போய்விட்டுத்தான் மடித்தார். "மன்னிக்கணும்மா. இது உங்களோடது" என்று என் கையில் கொடுத்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். அவர் மேனேஜர், கண்ணில் பட்ட லாபத்தை முதலாளிக்குச் சேர்த்துக்கொடுக்க வேண்டியவர்.

இன்று விடிந்ததும் பார்த்தேன், பண்ணையின் சொந்தப் பாய்ப்படகு துறையில் இல்லை.

உன் தாளில் கையெழுத்துப் போட்டுக் கப்பலில் கொடுத்துவிட்டேன். அது இன்னும் ஆறு துறை சுற்றிக்கொண்டு வரும். பண்ணைப் படகு நேரே போகும். எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் உறையைப் பிரித்ததுமே தூரத்திலிருந்து உன் கையெழுத்தை நான் கண்டுகொண்டேன். "வாசிக்காதீங்க" என்று எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஈவன். என் தம்பி எழுதியதைப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று. அந்த ஒரு நொடியில் எல்லாம் போய்விட்டது.

நீ முத்திரை வைக்காமல் சாதாரணமாக அனுப்பியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தைப் பற்றி நான் உனக்கு எழுதியிருந்தேன். நீ என் கடிதங்களைச் சரியாகப் படிப்பதில்லை. அதுகூடப் பரவாயில்லை. நீ வந்திருக்கலாம்.

மோராக்

•

ஸ்டான்லி
10 மே 1877

அன்புள்ள அக்கா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாள் வீணாக்கிவிட்டேன்.

முப்பதாம் தேதி காலை நான் ஆணியும் சுத்தியலுமாகக் கதவுக்கு வந்தபோது வில்மட் படியில் நின்றுகொண்டிருந்தார், மழையில். நான் நோட்டீஸை அடிக்கும்வரை காத்திருந்தார். அடித்ததும் கையில் தாளைக் கொடுத்தார். நான்தான் அதில் நேரம் குறித்தேன், ஒன்பது மணி இரண்டு நிமிடம். உன் விண்ணப்பம் நான்காம் தேதி வந்தது. கவர்னரிடம் போய் மன்றாடினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால், "இந்த ஊர்ல ஒருத்தருக்கு விதியை வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைப்பாங்க. விட்டுப்போன வாடகை வருதே, அதைப் பாரு" என்றார். சர்க்காருக்கு வாடகை வந்துவிட்டது. என்னைப் பாராட்டி ஒரு குறிப்புகூட எழுதியிருக்கிறார்கள்.

வில்மட்டிடம் பேசினேன். செப்டம்பர் வரை உன்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதன் பிறகும் பண்ணையின் மேய்ப்பராக, சம்பளத்துக்கு நீ அதே வீட்டில் இருக்கலாம் என்கிறார். ஆடுகளை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். உன் வீட்டிலேயே கூலிக்கு இரு என்று உனக்கு எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் வீடு இருக்குமே, அக்கா.

உன் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து உட்கார்ந்து படித்தேன். அக்டோபர் மாதக் கடிதத்தில் முத்திரையைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் மக்ரேயின் சொறிக்குச் சிரித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டதாக எழுதியிருந்தாயே, அதைக்கூட இப்போதுதான் படித்தேன்.

மார்ச்சில் வராததற்குக் காரணம் பத்திரமும் இல்லை, விருந்தும் இல்லை. உன் வீட்டைப் பறிக்கும் செய்தியோடு உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். கடிதம் என்றால் முகம் தெரியாது.

எல்லையை நேரில் அளந்து கல் நட என்னையே அனுப்புகிறார்கள். ஜூன் கப்பலில் வருகிறேன். இந்தத் தடவை ஆபீஸ் உத்தரவு, தப்ப முடியாது. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

ஈவன்

•

தலையணைத் திட்டு
21 செப்டம்பர் 1877

அன்புள்ள அக்கா,

உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. தபால் கப்பல் கேப்டன் ரோச் அடுத்த மாதம் மேற்கே, கடலுக்கு அப்பால் பெருநிலத்தின் நீரிணைப் பக்கம் போகிறாராம், அங்கே புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் யாரிடமாவது விசாரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூனில் கப்பல் பழுது. ஜூலையில் கவர்னருக்கு அறிக்கை வேண்டுமென்றார்கள். ஆகஸ்டில் வந்திருக்கலாம். ஆகஸ்டுக்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

நேற்று இரண்டு ஆட்களோடு மணல்பாதையைக் கடந்து வந்தேன். சங்கிலி பிடித்து அளந்து முடிப்பதற்குள் கடல் ஏறிவிட்டது. அவர்களில் ஒருவன் நான்கு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "சார், இப்ப இது தீவா, நிலமா? என்னன்னு எழுதப்போறீங்க?" என்று கேட்டான். நிலம் என்று எழுதினேன். எது எழுதினாலும் இப்போது யாருக்கும் நஷ்டமில்லை.

கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே எல்லாம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. விறகுக்குப் பதில் நீ எரிக்கும் எரிமண் கட்டிகளை அடுப்பில் எப்படி அடுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வீடெல்லாம் புகை. வில்மட்டின் மனைவி பால் கொண்டுவந்தவள் அதைப் பார்த்து, என்னை நகர்த்திவிட்டு அவளே பற்ற வைத்தாள். அவளிடம்தான் கேட்டேன், நீ எப்போது போனாய் என்று.

"ஆகஸ்ட் கடைசில. ஆட்டுக் கப்பல் வந்துச்சு, அறுநூறு ஆட்டையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணைக்கூட எங்களுக்கு விக்கல. எங்க வீட்டுக்காரர் வந்து, 'இருங்கம்மா, யாரு உங்களப் போகச் சொன்னா'ன்னு கேட்டார். அவங்க பாட்டுக்கு ஆட்டை எண்ணி ஏத்திக்கிட்டிருந்தாங்க." ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜூன் கப்பல் வர வேண்டிய நாள்ல துறைக்கு வந்து நின்னாங்க, கப்பலே வரல. ஜூலைக் கப்பலுக்கும் வந்தாங்க, அன்னிக்குப் பனி கொட்டுச்சு. 'தம்பி வர்றான், சர்க்கார் வேலையா வர்றான்'னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. ஆகஸ்ட் கப்பலுக்கும் நின்னாங்க. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் பாத்துட்டு, கேப்டன்கிட்டப் போய், ஆடு ஏத்துற கப்பல் எப்ப வரும்னு கேட்டாங்க."

நீ எனக்குப் பதில் எழுதாததைக் கோபம் என்று நினைத்தேன், அக்கா. நான் வரும்வரை எழுத வேண்டியதில்லை என்று காத்திருந்திருக்கிறாய்.

பின்கட்டு அறைக்குப் போனேன். படுக்கை போட்டபடியே இருந்தது. போகிற அன்று கூட அதை எடுத்து மடிக்கவில்லை நீ. நேற்று அதில் படுத்தேன். ஈரம் ஏறியிருந்தது.

நாளை காலை சாவியை, அதாவது இந்தக் கயிற்றை, வில்மட்டிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால் அது இன்னொரு கடிதம், அவ்வளவுதான். என் கடிதங்களால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ இருக்கும் இடத்தின் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி யாரிடமாவது கொடுத்துவிடு. நான் பதில் எழுத மாட்டேன்.

உன் தம்பி
ஈவன்